ரெயிலரைக் கொழுவியது நான்

மகனே,

நீ வெள்ளிக்கிழமை வந்து இறங்குவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து மேசையில் இருக்கிறேன். எழுதியதும் தாள்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். பிறகு தாள்களைக் கொண்டுபோய்க் கரையில் சங்கக் கட்டிடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஏழு வருடத்துக்கு முன்னர் நான் சொன்ன பொய்யை நாலு சுவருக்குள் சொல்லவில்லை, நடுறோட்டில் நின்று சொன்னேன். அதைத் திருத்துவதும் வெளியில்தான் நடக்க வேண்டும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். இடையிடையே பிக்கப்பையும் அதன் பின்னால் படகு ஏற்றி இழுக்கிற ரெயிலரையும் எப்படி வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதப்போகிறேன், அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை.

கல்யாணம் முடிந்ததும் வண்டியை நீ நிரோஷாவின் ஊருக்கு, இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோகப் போகிறாய். எனக்கு இடது கண்ணில் புகைச்சல் விழுந்துவிட்டது. பின்னுக்கு எடுக்கும்போது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சரியாகத் தெரிவதில்லை. போன மாதம் தலைமன்னார்க் கரையில் ஒருவருடைய படகை இறக்கும்போது ஒரு முழம் கூடுதலாகப் போய், சைலன்சருக்குள் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே வண்டித் திறப்பை உனக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் ஓட்டப் பழகிய கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். அப்பாவின் முழங்கால் படகுக்கும் உருளைக் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஆறு மாதம் அவரால் தொழிலுக்குப் போக முடியவில்லை. பிக்கப் முற்றத்தில் நின்றது, ரெயிலர் பின்வேலியோடு நின்றது. வாடைக்காற்று தொடங்கப்போகிறது, வடக்குக் கரையில் இருக்கிற படகுகளைத் தெற்குக் கரைக்கு மாற்ற வேண்டும், எல்லாரும் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. மூன்று மாதத்தில் லைசென்ஸ் எடுத்தேன். நேரே ஓட்டுவது பெரிய காரியமில்லை. ரெயிலரைப் பிக்கப்பின் பின்னால் கொழுவிப் பூட்டிக்கொண்டு பின்னுக்கு எடுப்பதுதான் ஆளைக் கொல்லும். ஸ்ரேறிங்கை வலப்பக்கம் வெட்டினால் ரெயிலர் இடப்பக்கம் போகும், இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம் போகும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வெறுங்காணியில் இரண்டு வாளிகளை வைத்து, அவற்றுக்கு நடுவில் ரெயிலரை விடப் பழகினேன். அப்பா ஊன்றுகோலோடு கதிரையில் இருந்து கத்துவார். எத்தனை வாளியை நசுக்கினேன் என்று கேட்காதே.

முதல் நாள் கரையில் படகு இறக்கியபோது பத்துப் பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், அவரும் இந்தப் பலகையை வாசிப்பார், "படகைக் கடலுக்கை விடப்போறாவோ, பிக்கப்பை விடப்போறாவோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் இறங்கிப்போய் அவரிடம் "அண்ணை, நீங்கள் கொஞ்சம் தள்ளி நிண்டா ரெண்டையும் விடாமல் இறக்குவன்" என்றேன். அன்று சரியாக இறக்கினேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை வருடம் பிழை விடாமல் ஓட்டினாலும், ஒரு பிழை விட்டால் போதும், எல்லாரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த நாள். தாராபுரத்துச் சலீம் நானாவின் படகை இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. புதுப் படகு, பெயின்ற் மணம் கூடப் போகவில்லை. உனக்கு இருபத்தொரு வயது. காலை ஆறு மணிபோல அவருடைய முற்றத்தில் படகை ஏற்றினோம். நீ எல்லாவற்றையும் முறையாகச் செய்தாய். அடித்தக்கையைக் கழற்றி உள்ளே நின்ற மழைத்தண்ணீரை ஓடவிட்டாய். படகைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பாரம் மூக்குப் பக்கம் இருக்கிறமாதிரி வைத்தாய். பாரம் பின்னுக்கு இருந்தால் றோட்டில் ரெயிலர் வாலாட்டும் என்று அப்பா உனக்குச் சொல்லித் தந்திருந்தார். பெல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருக்கும்போது நீ என்னிடம் "அம்மா, நான் கொழுவட்டோ?" என்று கேட்டாய். நான் "நீ பெல்ட்டை இறுக்கு, இதை நான் பாக்கிறன்" என்றேன். இந்த இரண்டு வசனங்களும் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கின்றன.

ரெயிலரின் கழுத்தைப் பிக்கப்பின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டின் மேல் இறக்கினேன். பூட்டுகிற நெம்பைக் காலால் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது பூட்டிய சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை. நெம்புக்குக் குறுக்கே போடுகிற ஊசியைப் போடவில்லை. ரெயிலரும் பிக்கப்பும் தப்பித்தவறிப் பிரிந்தால் பிடித்துக்கொள்வதற்காக ஒரு சங்கிலி இருக்கிறதல்லவா, அது இரண்டு நாளைக்கு முன் மணலில் புதைந்த ஒரு வான் வண்டியை இழுக்க நான் கழற்றியது. திரும்ப மாட்டவில்லை. வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. அது இல்லை என்று கண்ணால் கண்டேன், பக்கத்தில்தானே போகிறோம் என்று நினைத்தேன். மன்னார்ப் பாலம் தாண்டி எத்தனையோ மைல் போக வேண்டிய பயணத்தை 'பக்கத்தில்' என்று நினைத்தவள் நான்.

சலீம் நானாவையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். ஐந்தாறு கழுதைகள் றோட்டுக்குக் குறுக்கே நின்றன. மன்னாரில் வண்டி ஓட்டுகிறவர்கள் கழுதைக்கு பிரேக் பிடிக்காத நாளில்லை. நானும் பிடித்தேன். பின்னால் இருந்து ரெயிலர் ஒரு இடி இடித்தது. கழுதைகள் விலகின, நான் எடுத்தேன், றோட்டில் இருந்த பள்ளத்தில் பின்சில்லு இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு பிக்கப் லேசாகப் போனது. அந்த லேசு எனக்கு இன்னும் முதுகில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் ரெயிலர் தனியாக வருகிறது. கழுத்து தாரில் உரசி நெருப்புப் பறந்தது, பிறகு ஒரு பக்கமாக வெட்டி, றோட்டோரக் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் வண்டியை ஒரு பக்கமாக வெட்டி விழுந்தார். பிள்ளை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு றோட்டில் இருந்து அழுதது. முழங்கையில் மட்டும் உரசல். ரெயிலர் அந்தப் பிள்ளையை எவ்வளவு கிட்டவாகத் தாண்டிப் போனது என்று நீ பார்த்தாய், நானும் பார்த்தேன்.

நீதான் முதலில் குதித்து ஓடி அந்தப் பிள்ளையைத் தூக்கினாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சனம் கூடிவிட்டது. படகின் முன்பக்கம் ஒரு கை போகிற அளவுக்குப் பிளந்திருந்தது. சலீம் நானா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல், "பொம்பிளையளிட்டை ஸ்ரேறிங்கைக் குடுத்தா இப்பிடித்தான்" என்றது. இன்னொருவர் என்னைப் பார்த்து "ஆர் கொழுவினது?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை மகனே. "பெடியன்தான் கொழுவினவன்" என்றேன்.

நீ பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாய். என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு "ஓம், நான்தான். கவனிக்கேல்லை" என்றாய்.

அன்று மாலை அப்பாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அடுத்த நாள் கொட்டிலில் கிடந்த சங்கிலியை எடுத்து வந்து, ரெயிலரோடு ஒரு முனையைக் கழற்ற முடியாதபடி வெல்ட் வைப்பித்தார். சங்கிலி எங்கே கிடந்தது, யார் கழற்றியது என்று யோசிக்கத் தெரியாத ஆளா அவர். உடைந்த படகுக்குத் தேவையான ஃபைபர் துணி, பசை எல்லாம் வாங்கிச் சலீம் நானாவுக்கு அனுப்பினார். யார் ஒட்டிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. எனக்கு ஓட்டம் குறையவில்லை. சனம் என்னை நம்பியது. "அக்கா, நீங்கள் வாங்கோ, பெடியனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்று மூன்று பேர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நாலு மாதம் கழித்து நீ நீர்கொழும்பில் படகு திருத்துகிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாய். அந்த நாளைப் பற்றிப் போகும்போதும் சொல்லவில்லை, நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போதும் சொல்லவில்லை. நீ ஒருநாள் கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் சில்லைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், மனம் ஆற. பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, எண்ணெயையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டால் இன்னும் பத்து வருடம் ஓடும். ரெயிலர்தான் சீக்கிரம் சாகும், ஏனென்றால் அது கடலில் இறங்குகிறது. தூரத்திலிருந்து ஓடி வந்த சூட்டோடு அதைத் தண்ணீருக்குள் விடாதே. சில்லின் நடு சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சும், பெயரிங் ஒரு மாதத்தில் துருவாகிவிடும். படகுக்காரர் அவசரப்படுத்துவார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நில். கையை வைத்துப் பார், சூடு ஆறினால் இறக்கு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் சில்லு, பிரேக், பிக்கப்பின் அடி எல்லாவற்றையும் கழுவு. நாளைக்குக் கழுவலாம் என்று விட்டால் உப்பு நாளை வரை காத்திருக்காது. ரெயிலரின் ரயர் ஓடித் தேயாது, நின்றே வெடிக்கும். வெயிலில் பக்கச்சுவர் கீறல் விடுகிறதா என்று பார், ஓலையால் மூடி வை.

மூன்று கிழமைக்கு முன்னர் நீ தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, நிரோஷாவின் அப்பா கல்யாணத்துக்கு ஓம் என்று சொல்லவில்லை என்று. "பெடியன் நல்லவன்தான், ஆனா கவனம் காணாது. அந்தப் படகு எங்கட கரைக்கு வரவேண்டிய படகு, எனக்குத் தெரியும்" என்று சொன்னாராம். கரைத்தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போனால் யோசிக்கலாம் என்றாராம். நீ "அதுக்கென்ன அம்மா, கொழும்பில ஒரு கடையில கேட்டிருக்கிறன்" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன். உன் நல்ல பெயரை உன்னிடமிருந்து எடுத்தேன். தொழிலை எடுத்தேன். இப்போது நிரோஷாவையும் எடுக்கப் போகிறேன் என்று விளங்கியது. அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, சலீம் நானாவிடமும் நிரோஷாவின் அப்பாவிடமும் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் "எனக்குத் தெரியும்" என்றார். பிறகு "ரெயிலரையும் கொழுவு. போறதெண்டால் அதோடயே போவம்" என்றார்.

முதலில் தாராபுரம். சலீம் நானா முற்றத்தில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். கொழுவியது நான், நெம்பைப் பார்க்காமல் விட்டது நான், சங்கிலியைக் கழற்றியது நான், பழியைப் பிள்ளையில் போட்டதும் நான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டு இரண்டு கதிரை கொண்டுவரச் சொன்னார். பிறகு, "தங்கச்சி, நான் உள்ளுக்குத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வெளியில வந்தனான். சங்கிலி இல்லையெண்டு கண்டனான். வெளிக்கிடுற நேரத்தில என்னத்துக்கு வாயைத் திறப்பான் எண்டு விட்டுட்டன். அல்லாஹ்வுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா நானும் பதில் சொல்லவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. "உங்கட மகன் அடுத்த வெள்ளிக்கிழமை இஞ்ச வந்தவன். தன்ர பிழை எண்டு என்ர கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டவன். பதினொரு நாள் வந்து, அந்தப் பிளவை உரஞ்சி, துணி வைச்சு, ஒட்டித் தந்தவன். என்ர மச்சானும் கூட நிண்டு காட்டிக்குடுத்தவர். அவர்தான் நீர்கொழும்புக்குச் சொல்லி விட்டது. உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் பந்தடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாய். வரும்போது கையெல்லாம் சொறிந்து சிவந்திருக்கும். வெயில் என்று நினைத்தேன், தேங்காய் எண்ணெய் பூசு என்றேன். ஃபைபர் தூள் பட்டால் அப்படித்தான் சொறியும் என்று கரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். நீ செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டாய், நான் செய்த பிழையை நீ ஒட்டினாய். சலீம் நானாவின் வீட்டு முற்றத்தில் இருந்து அழுதேன். அப்பா எழும்பிப் போய் ரெயிலரைப் பார்க்கிறமாதிரி நின்றார்.

பிறகு இலுப்பைக்கடவை. நிரோஷாவின் அப்பாவுக்கும் அதே கதையைச் சொன்னேன், பதினொரு நாளையும் சேர்த்து. அவர் லேசில் இளகுகிற ஆளில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப பெடியன் ஏன் ஓமெண்டு சொன்னவன்?" என்று கேட்டார்.

"நான் பயந்துபோய் நிண்டனான். அதைப் பார்த்தவன்."

"எண்டாலும் பொய்தானே?"

"ஓம், பொய்தான். முதல் பொய் என்ர. அதுக்கு அவன் தலையைக் குடுத்தவன்."

அவர் எழுந்து ரெயிலரிடம் போனார். ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கி, சில்லைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். மூடியைக் கழற்றி, விரலால் கிரீஸைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "இது ஆர் வைச்சது?" என்றார். போன நத்தாருக்கு வந்தபோது நீ வைத்தது என்றேன். மற்றச் சில்லையும் பார்த்தார். மூடியை அடித்துப் பூட்டிவிட்டு, "எனக்கு ரெண்டு நாள் தாங்கோ" என்றார். நாங்கள் வெளிக்கிடும்போது நிரோஷா வாசல் படலை வரைக்கும் வந்தாள். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். "அவர் எனக்குக்கூட இதைச் சொல்லேல்லை மாமி" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். உன்மேல் கோபம். நீ வந்து அதைச் சமாளி, அதில் நான் தலையிடமாட்டேன்.

இரண்டாம் நாள் அவர் அழைத்தார். "பங்குச் சுவாமியிட்டைக் கதைச்சிட்டன், வாற ஞாயிறு கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிப்பினம். ஆனா என்ர படகை அவன் ஏத்தேக்கை முதல் ரெண்டு மூண்டு தரம் நான் கூட நிண்டு பார்ப்பன், சொல்லிப்போட்டன்" என்றார். பார்க்கட்டும். நல்ல பழக்கம். நீயும் உன்னிடம் படகு தருகிறவர்களைக் கூட நிற்க வை, கொழுவியதை அவர்களுக்கே காட்டு. நெம்பைக் கண்ணால் பார், ஊசியைப் போடு. ஜாக்கியால் ரெயிலரின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தால் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் பூட்டவில்லை. பத்து மைல் போனதும் நிறுத்தி இன்னொருதரம் பார். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்புக்குப் பயம் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

உன்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நீ அன்று தலையாட்டியது என்மேல் இருந்த அன்பால். அதனால் நான் ஏழு வருடம் பொய்யோடு வசதியாக இருந்தேன். நாளைக்கு உன் மனுசியோ பிள்ளையோ பிழை விட்டால் அவர்களுக்குப் பக்கத்தில் நில், ஆனால் அவர்களுக்குப் பதிலாக ஓம் என்று சொல்லாதே. நேரே பார்த்து "நீங்கள்தானே" என்று சொல்லு. நீ அன்று என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஒரு கிழமை பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு இரவில் நித்திரை கொண்டிருப்பேன்.

சலீம் நானா இப்போது இன்னொரு படகு எடுத்திருக்கிறார். அடுத்த புதன்கிழமை அதை இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் வரட்டுமா என்று கேட்டேன். "நீங்கள் வேணாம் தங்கச்சி, மகன் வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் தலைமன்னார் நிலையத்துக்கு வருவோம். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைத் தாளில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இருந்தேன், முடியவில்லை. ரயிலால் இறங்குகிற சனத்துக்கு முன்னால் கேட்பேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், பேச்சை மாற்றப் பார்ப்பாய், சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்ப்பாய். நடக்காதே. பையைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை நில்.

அம்மா